ஆயுசு கேட்டு வந்தவர்கள்

திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "ஆஸ்பத்திரி ஆராய்ச்சிங்க" என்று சொல்லி முடித்துக்கொள்வாள் தமிழ்மதி. சுகாதாரப் பொருளாதாரம் என்று முழுசாகச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கையில் இருக்கும் டீ ஆறிப்போகும். அவள் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, அரசாங்க ஆளும் இல்லை. ஒரு வியாதிக்கு இரண்டு விதமான வைத்தியம் இருந்தால், செலவழிக்கும் பணத்துக்கு எது மனிதர்களுக்கு அதிக நன்மை தருகிறது என்று பார்ப்பது அவள் வேலை. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தாள். சொந்த ஊர் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம். அதனால் திண்டுக்கல் வேலை வந்ததும், நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆராய்ச்சி சிறுநீரகம் ஓய்ந்துபோனவர்களைப் பற்றியது. அவர்களுடைய ரத்தத்தைச் சுத்தம் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் மிஷினோடு நாலு மணி நேரம் படுத்துக் கிடப்பது. இன்னொன்று, வயிற்றில் சின்னக் குழாய் ஒன்றை வைத்துக்கொண்டு, வீட்டிலேயே ஒரு பையிலிருந்து மருந்து நீரை வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு மறுபடி புதுப் பையை மாட்டுவது. இதைத் தினமும் நாலு வேளை செய்ய வேண்டும். பைகள் ஏற்கெனவே சிலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. எல்லோரையும் பைக்கு மாற்றிவிடலாமா, மாற்றினால் நல்லதா என்பதுதான் கேள்வி.

"மாத்திடணும்" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார் டாக்டர் ஐரின். ஊருக்குள் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஐம்பதைத் தாண்டியவர். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். "மிஷினுக்காக விடிகாலையில பஸ் ஏறி வர்றாங்க தமிழ். வெயில்ல திரும்பிப் போறாங்க. எத்தனை பேர் பாதியிலேயே நிறுத்திடறாங்க தெரியுமா? வீட்டுக்கே பை போனா இந்த அலைச்சலே இல்ல. நீ கணக்குப் போட்டுக் காட்டு, போதும்."

தமிழ்மதிக்கு ஐரினைப் பிடித்திருந்தது. ஆனால் அவர் சொன்னது முழுவதும் மனசுக்குள் இறங்கவில்லை. அவளுடைய அப்பா பக்கவாதம் வந்து படுத்த வருசங்களில், துடைத்து, புரட்டி, ஊட்டி எல்லாம் செய்தது அம்மாதான். வீட்டு வைத்தியம் மலிவு என்று யாராவது சொன்னால், அந்த மலிவுக்கு எந்த வீட்டுப் பெண்ணின் இடுப்பு ஒடிகிறது என்றுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றும். அதை ஐரினிடம் சொல்லவில்லை. கணக்கு தானாகவே சொல்லட்டும் என்று இருந்தாள்.

வீடு வீடாகப் போவதற்குத் துணையாக ருக்ஸார் சேர்ந்தாள். பேகம்பூர்க்காரி. எம்.ஏ. பொருளாதாரம் முடித்தவள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த வீட்டு ஆளாகிவிடும் சுபாவம். அவளுடைய சிவப்பு ஸ்கூட்டியில்தான் இருவரும் தாடிக்கொம்பு, சின்னாளபட்டி என்று சுற்றினார்கள். முதலில் தமிழ்மதியை மேடம் என்றாள். இரண்டாவது வாரத்தில் அக்கா என்றாள்.

கேள்விகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை. நடக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, வலி உண்டா, கவலை உண்டா. கடைசிக் கேள்விதான் கஷ்டம். அதை ருக்ஸார் இப்படிக் கேட்பாள்:

"இப்ப இருக்கிற மாதிரியே பத்து வருசம் இருக்கலாம்னு வச்சுக்கங்க. இல்லைன்னா, ஒரு நோயும் இல்லாம முழு ஆரோக்கியமா, ஆனா அதைவிடக் கம்மி வருசம் இருக்கலாம். அந்த ஆரோக்கியத்துக்காகப் பத்துல எத்தனை வருசத்தை விட்டுக் குடுப்பீங்க?"

உலகம் முழுக்க இந்தத் துறையில் கேட்கிற கேள்விதான். ஒருவர் நாலு வருசம் விட்டுக் கொடுப்பேன் என்றால், அவர் இப்போது வாழும் ஒரு வருசம் நலமான வருசத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று அர்த்தம். பைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள், மிஷின்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டால் எந்த வைத்தியத்தில் வாழ்க்கை மேல் என்று தெரிந்துவிடும். சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து படித்தபோது தமிழ்மதிக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த மலைச்சாமி வீட்டுக்கு அவர்கள் போனது ஒரு முற்பகல். மனுசருக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். பைக்கு மாறி ஒரு வருசம் ஆகியிருந்தது. பைக்கென்றே ஒதுக்கிய சின்ன அறை. சுவரில் புதுச் சுண்ணாம்பு, ஆணியில் தொங்கும் பை, மூலையில் கூரை வரைக்கும் அடுக்கிய அட்டைப் பெட்டிகள். மனைவி சுந்தரம்மாள் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே அவருடைய முதுகு தெரிந்தது.

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் மலைச்சாமி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அஞ்சு" என்றார். "அஞ்சை எடுத்துக்கங்கம்மா."

ருக்ஸார் டேப்லெட்டில் பதிந்துகொண்டாள். மோர் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வாரம் மலைச்சாமிக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்று வலி. வடித்த நீர் தெளிவாக இல்லாமல் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. பை மாற்றும்போது கிருமி உள்ளே போனால் அப்படி ஆகும். மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு வேளை, புழுக்கம் தாங்காமல் ஃபேனைப் போட்டுவிட்டுத் தானே பையை மாற்றியதாக அவரே ஒத்துக்கொண்டார். ஐரின் உடனே மருத்துவமனையில் சேர்த்து மருந்து ஏற்றினார்.

மலைச்சாமிக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது. படுக்கையில் கிடந்தபடி, "அஞ்சு வருசத்தைக் குடுத்தேன்ல, கையோட எடுக்க வந்துட்டாக போல" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். என்ன ஏது என்று சுந்தரம்மாள் துருவித் துருவிக் கேட்டதும் முழுக் கதையும் வெளியே வந்தது. சுந்தரம்மாள் பூ மார்க்கெட்டில் தெரிந்தவர்களிடம் பொரிந்து தள்ளினார். அங்கிருந்து அது யாருடைய போனிலோ ஏறியது.

மறுநாள் ருக்ஸார் தன் போனை மேசையில் வைத்து ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினாள். யாரோ ஒரு பெண் குரல்: "தாடிக்கொம்பு பக்கம் இருக்கவுக எல்லாரும் கேட்டுக்கங்க. செவப்பு ஸ்கூட்டில ரெண்டு பொண்ணுக வாராக. எத்தனை வருசம் ஆயுசு தருவீகன்னு கேக்குறாக. வாயத் தொறந்து எண்ணிக்கை சொல்லிப்புடாதீக. அஞ்சுன்னு சொன்ன மனுசன் ஆஸ்பத்திரில கெடக்காரு."

"எங்க சித்தி அனுப்பிருக்காங்கக்கா. ஜாக்கிரதையா இருன்னு எனக்கே" என்றாள் ருக்ஸார்.

தமிழ்மதிக்குச் சிரிப்பு வந்தது. அது இரண்டு வீடு வரைக்கும்தான் தாங்கியது. முதல் வீட்டில் ஸ்கூட்டி சத்தம் கேட்டதுமே கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் வாசலுக்கு வந்து, மரியாதையாகக் கைகூப்பி, "எங்க வீட்ல யாருக்கும் மிச்சம் இல்லம்மா, அவுகவுகளுக்கே பத்தல" என்றார். எட்டு ஊர் போயும் ஒருவரும் பேசவில்லை.

சாயங்காலம் ஐரின் கூப்பிட்டார். குரலில் வழக்கமான வேகம் இல்லை.

"ரெண்டு பேர் பையே வேண்டாம்னு சொல்லிட்டாங்க தமிழ். பையும் நீங்களும் ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க. நான் இதுக்காக எத்தனை வருசம் நாயா அலைஞ்சிருக்கேன்னு உனக்குத் தெரியும்."

"நான் மலைச்சாமி ஐயாவைப் போய்ப் பாக்கறேங்க டாக்டர்" என்றாள் தமிழ்மதி.

வார்டில் மலைச்சாமி தலையணையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்ததும் மலர்ந்த முகத்தைச் சுருக்கிக்கொண்டார். சுந்தரம்மாள் ஒல்லியான, நெடுநெடுவென்ற பெண்மணி. எழுந்து நின்றார்.

"நீங்கதேன் அந்தப் பொண்ணா?"

"ஆமாங்க அம்மா. அது ஒரு கேள்விதானுங்க. யாரு ஆயுசையும் யாரும் எடுக்க முடியாதுங்க. ஒரு கணக்குக்காகக் கேக்கறது—"

"அது தெரியும் தாயி. நான் ஒண்ணும் கூறு கெட்டவ இல்ல. காத்தாடியப் போட்டுக்கிட்டுப் பைய மாத்துனா சீக்கு வரும்னு எனக்குத் தெரியாதா? ஊரு என்னமும் பேசிட்டுப் போகுது." சுந்தரம்மாள் தமிழ்மதியை விட்டுவிட்டுப் புருசன் பக்கம் திரும்பினார். "இவரு என்னையக் கேக்காம எப்படி அஞ்சு வருசத்தத் தூக்கிக் குடுத்தாரு? அதுல பாதி என்னோடது."

மலைச்சாமி இட்லியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உனக்காகத்தேன் சுந்தரம் சொன்னேன். நாலு வேளையும் நீ இந்தப் பையோட மாரடிக்கிற. பத்து வருசம் உன்னைய இப்படி வேலை வாங்குறதுக்கு, அஞ்சு வருசம் நல்லபடியா இருந்து உன்னையும் நல்லபடியா வச்சுட்டுப் போயிரலாம்னு பாத்தேன்."

"நான் ஏலலன்னு சொன்னேனா?"

"சொல்லல."

"பெறகு?"

சுந்தரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கையோடு அவர் வாயோரம் ஒட்டியிருந்த சட்னியையும் துடைத்துவிட்டார். தமிழ்மதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனுசரின் அஞ்சு, அவருடைய உடம்பைப் பற்றிய அஞ்சே இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் அதை அவருடைய உடம்பின் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தாள்.

கிளம்பும்போது சுந்தரம்மாள் வராந்தா வரைக்கும் வந்தார்.

"வெள்ளிக்கெழமை வீட்டுக்கு விடுறாகளாம். அன்னைக்கு வந்து, வாங்குனதத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருங்க தாயி. எனக்கு அம்புட்டுப் போதும்."

கூடவே வந்திருந்த ருக்ஸாரின் ஸ்கூட்டியில் ஏறியதும், "ருக்ஸார், அவங்க கேக்கறது சரிதான்" என்றாள் தமிழ்மதி.

"எப்படிக்கா?"

"ஆராய்ச்சியில சேர்ற எல்லார்கிட்டயும் நாமளே படிச்சுக் காட்டறோமே. எந்தப் பதிலையும் எப்ப வேணும்னாலும் திருப்பி வாங்கிக்கலாம்னு. அதுதான அவங்க கேக்கறாங்க."

நாகல்நகர் பாலத்தில் ஏறும்போது ருக்ஸார் திரும்பாமலேயே சொன்னாள்: "அப்ப டேப்லெட்ல அழிச்சா மட்டும் பத்தாதுக்கா. தட்டுல வச்சுக் குடுக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை, பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழம் எல்லாம் வைத்து எடுத்துப் போனார்கள். பூ மட்டும் வாங்கவில்லை. பூக்காரர் வீட்டுக்குப் பூ கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்றாள் ருக்ஸார். அங்கே போனால் பூத்தொடுக்கும் பெண்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்று வாசலில் கூட்டம். தமிழ்மதிக்குக் கூச்சமாக இருந்தது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில்கூட இப்படி இருந்ததில்லை. இதைச் செய்வது சரியா, இல்லாத ஒரு பயத்துக்கு நாமே உருவம் கொடுக்கிறோமா என்று வழி முழுக்க யோசித்திருந்தாள். வாசலில் சுந்தரம்மாள் குளித்து, ஈரத் தலையோடு, நல்ல சேலை கட்டிக் காத்திருந்ததைப் பார்த்ததும் அந்த யோசனை நின்றுவிட்டது.

முதலில் டேப்லெட்டை எடுத்து, மலைச்சாமியின் பதிலை எல்லோர் முன்னாலும் அழித்தாள். அந்தக் கட்டம் காலியானதை மலைச்சாமி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஐயா சொன்ன பதிலை நாங்க வச்சுக்கல. முழுசா உங்ககிட்டயே குடுத்துட்டோமுங்க."

சுந்தரம்மாள் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள். மலைச்சாமி ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டு, "மிஷின்ல கெடந்தப்ப இந்தப் பழத்தக் கண்ணுல காட்ட மாட்டாக. பைக்கு மாறுன பெறகுதேன் டாக்டரம்மா அளவாத் திங்கலாம்னு சொல்லிருக்காக" என்று கூட்டத்துக்கு அறிவித்தார்.

மத்தியானத்துக்குள் இன்னொரு வாய்ஸ் மெசேஜ் கிளம்பிவிட்டது. ஆயுசைத் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பெண்கள் நல்ல பெண்கள்தான், கதவைத் திறக்கலாம் என்று. அதனால் ஒரு சின்னச் சிக்கலும் வந்தது. ஏற்கெனவே பதில் சொன்ன மற்றவர்களும் தங்களுக்கும் திருப்பித் தரச் சொன்னார்கள். ஒரு வாரம் முழுக்க ஸ்கூட்டியில் வெற்றிலைக் கட்டோடு அலைந்தார்கள். சென்னையில் இருந்த பேராசிரியர் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நெடுநேரம் சிரித்து, அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு வேறு விதமாகக் கேட்கச் சம்மதித்தார். பை வேண்டாம் என்ற இரண்டு பேரும் மறுபடி பைக்கு வந்தார்கள்.

புதுக் கேள்விக்கு ஓர் அட்டை போதும். அதில் நீளமான ஏணி மாதிரி ஒரு கோடு. மேலே நூறு, கீழே சைபர். இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். கூடவே தமிழ்மதி ஒன்றைச் சேர்த்தாள். நோயாளியிடம் கேட்ட அதே கேள்விகளை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவரிடமும் கேட்பது. மலைச்சாமியின் அஞ்சுதான் அதற்குக் காரணம். பார்த்துக்கொள்கிற பெண்கள் எவ்வளவு நொந்துபோயிருக்கிறார்கள் என்பது இப்போதாவது கணக்கில் வரட்டும் என்று அவள் மனசுக்குள் ஒரு வேகம் இருந்தது.

சுந்தரம்மாள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, தயங்காமல் தொண்ணூறில் விரலை வைத்தார்.

"அம்மா, இது ஐயாவுக்கு இல்லீங்க. உங்களுக்கு."

"எனக்குத்தேன்."

"நாலு வேளையும் நீங்கதான மாத்தறீங்க? கை கழுவி, மூக்கைக் கட்டி, கதவைச் சாத்தி... எங்கயும் போக முடியாதில்லீங்களா?"

சுந்தரம்மாள் அவளைக் கொஞ்சம் வேடிக்கையாகப் பார்த்தார். "பழனிப் பக்கத்து ஆளுக எல்லாத்துக்கும் 'ங்க' போட்டு அழ வச்சுருவீக போல. கேளுங்க. மொத மூணு வருசம் மிஷினுக்குப் போனாரு. வாரத்துல மூணு நாளு கூடவே போவேன். கண்ணாடிக் கதவுக்கு வெளிய நிப்பேன். செடியில பூவு பறிக்க ஆளு இல்லாம மலந்து வீணாப் போகும். திரும்பி வந்தா துணிய முறுக்கிப் பிழிஞ்ச மாதிரி படுத்துக்குவாரு. ஒரு வார்த்தை வராது. இப்ப பாருங்க, பூவப் பறிச்சு அனுப்பிட்டு வந்து மொதப் பைய மாட்டுவேன். நீரு வடியிற அரை மணி நேரமும் இந்த மனுசன் எங்கிட்டும் எந்திரிச்சுப் போக முடியாது. படுத்துக்கிட்டு என்கிட்டப் பேசித்தேன் ஆகணும். கலியாணம் ஆன நாள்லருந்து இவரு என்கிட்ட உக்காந்து பேசுனதே இல்ல தாயி. தோட்டம், மார்க்கெட்டு, சீட்டுக் கச்சேரி. இப்ப ஒரு நாளைக்கு நாலு தடவை."

"அவ பேசுறா, நான் கேக்குறேன்" என்றார் உள்ளே படுத்திருந்த மலைச்சாமி.

"சரிங்க, மிச்சம் பத்து எங்க போச்சு?" என்று கேட்டாள் ருக்ஸார்.

"தூக்கம் கொஞ்சம் கெடுது. அப்பறம் இந்தப் பெட்டிக. மாசா மாசம் வந்து எறங்குது, கால் வைக்க எடம் இல்ல. அதுக்குத்தேன் பத்து."

அன்று முழுவதும் தமிழ்மதிக்கு அந்தத் தொண்ணூறு மனசில் ஓடிக்கொண்டிருந்தது. தன் அம்மாவிடம் அட்டையைக் காட்டினால் எங்கே விரல் வைத்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மகளாக இருந்து ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இரவு ஆகுமுன் போன் செய்து கேட்டாள். அம்மா யோசித்து, "அப்பா இருந்த வரைக்கும் அம்பதுன்னு வச்சுக்க கண்ணு. ஆனா கூட ஒரு ஆளு ஒத்தாசைக்கு இருந்திருந்தா எம்பதுங்கூடச் சொல்லிருப்பேன்" என்றாள். அது தமிழ்மதிக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. எல்லா வீடும் ஒரே வீடு இல்லை. கேட்டால்தான் தெரியும்.

மற்ற வீடுகளிலும் அப்படித்தான் வந்தது. சில மனைவிமார் எழுபது, எண்பது என்றார்கள். ஒரு மருமகள் முப்பதில் விரலை வைத்துவிட்டு, மாமியார் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். வாரம் ஒரு முறை நர்ஸ் வந்து பார்க்கிற வீடுகளில் அட்டையில் காட்டிய எண் கூடியிருந்தது, கலங்கல் நீரும் குறைவாக இருந்தது.

தனியாக இருப்பவர்கள் கதை வேறாக இருந்தது. சின்னாளபட்டியில் பேச்சியம்மாள் என்று ஒருவர், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற வேலை செய்தவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி மிஷினுக்கு வந்துகொண்டிருந்தார். அவரை எப்படியாவது பைக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஐரின் ஒரு வருசமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார்.

"டாக்டரம்மா நல்லதுக்குத்தேன் சொல்லுது" என்றார் பேச்சியம்மாள், முடிச்சிலிருந்து கையை எடுக்காமல். "வீட்ல ஒத்தையில உக்காந்து வயித்துல தண்ணிய ஊத்தி ஊத்தி எறக்கிக்கிட்டு, சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா? அங்க வந்தா எனக்கு ரெண்டு பக்கமும் சிநேகிதம் இருக்கு. அந்தக் கட்டுல்ல வத்தலக்குண்டுக்காரி, இந்தக் கட்டுல்ல வேடசந்தூர்க்காரரு. நாலு மணி நேரம் போறதே தெரியாது. நர்சுப் பிள்ளைக எனக்கு மகளுக மாதிரி. என்னைய மாத்துனா நான் போயிருவேன் தாயி, ஆமா." அட்டையில் எழுபத்தைந்தில் விரல் வைத்தார்.

எல்லாம் சேர்ந்து முடிய மாசங்கள் ஆயின. தமிழ்மதி கணக்கைப் போட்டு, திரும்பப் போட்டு, பேராசிரியரோடு சண்டை போட்டு, கடைசியில் ஐரினின் அறைக்கு லேப்டாப்போடு போனாள். உதவிக்கு ஒரு கை இருக்கிற வீட்டில், விருப்பப்பட்டு எடுத்துக்கொண்டால், செலவுக்குப் பைதான் அதிக நன்மை. நர்ஸ் போய்ப் பார்ப்பதையும் சேர்த்துச் செலவு செய்தால் இன்னும் நன்மை. தனியாக இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. அவர்களைப் பைக்கு மாற்றினால் பணமும் மிச்சமாகாது, வாழ்க்கையும் கீழே போகிறது.

ஐரின் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தனியா இருக்கறவங்களை வெளிய எடுத்துட்டுக் கணக்குப் போட்டா?"

"போட்டா நீங்க நெனைச்ச பதில் வரும்ங்க டாக்டர். எல்லாரையும் மாத்திடலாம்னு."

"அப்பறம் என்ன?"

"அப்பறம் பேச்சியம்மாளையும் மாத்துவாங்க."

ஐரின் எழுந்து ஜன்னலைத் திறந்தார். கீழே ஆட்டோக்களின் சத்தம். தமிழ்மதி லேப்டாப்பை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். நாலைந்து நாள் போனும் இல்லை. பழகிய ஒருவரை இழந்துவிட்டோமோ என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் எழுதியதில் ஒரு வரியையும் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் ஐரினே கூப்பிட்டார். "காலையில ரவுண்ட்ஸ் போனேன். பேச்சியம்மாளும் அந்த வேடசந்தூர்க்காரரும் மிஷின்ல படுத்துக்கிட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடறாங்க. நடுவுல ஸ்டூலைப் போட்டு. எனக்கு இத்தனை நாளா கண்ணுல படல பாரு." பிறகு சொன்னார்: "உன் ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பு. கூட்டத்துல நானும் வந்து பேசறேன்."

சென்னையில் நடந்த கூட்டத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதிகாரிகளில் ஒருவர், பார்த்துக்கொள்கிறவர்கள் காட்டிய எண்களை எதற்குச் சேர்த்தீர்கள், வைத்தியம் அவர்களுக்கா என்று கேட்டார். தமிழ்மதி வாயைத் திறப்பதற்குள் ஐரின், "அவங்க கை இல்லாம அந்த வைத்தியமே இல்லைங்க சார்" என்றார். சிறு விவாதத்துக்குப் பிறகு, மாவட்டத்தில் இன்னும் கொஞ்சம் குடும்பங்களுக்குப் பை கொடுப்பது, நர்ஸ் வீட்டுக்குப் போவதற்கும் சேர்த்து ஏற்பாடு செய்வது, எது வேண்டும் என்பதை நோயாளியே சொல்வது, மிஷின்களைக் குறைக்காமல் இருப்பது என்று முடிவானது. ஒரு வருசம் பார்த்துவிட்டு மேலே பேசலாம் என்றார்கள். அந்த ஒரு வருசத்தையும் தமிழ்மதியே பார்க்க வேண்டும் என்றதும், திண்டுக்கல்லில் நல்ல வாடகை வீடு ஒன்று பார்த்துவைக்கும்படி அங்கிருந்தே ருக்ஸாருக்குச் செய்தி அனுப்பினாள்.

தை மாசம் சுந்தரம்மாளிடமிருந்து போன் வந்தது. மகள் சௌந்தர்யாவைப் பழனிக்குப் பக்கத்தில் கீரனூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வளைகாப்பு. மிஷினுக்குப் போன காலத்தில் மகள் வீட்டில் ஓர் இரவு தங்கியதில்லை. இப்போது பைப்பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு மூன்று நாள் தங்கப் போகிறார்கள். "பாலசமுத்திரத்துலருந்து செத்த நேரம்தேன். வராம இருந்துறாதீக."

தமிழ்மதி அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனாள். பந்தலில் பெண்கள் கூட்டம், சந்தன வாசனை, ஏழு வகைச் சாதத்தின் ஆவி. சௌந்தர்யாவின் மாமியார், "ஏனுங்க, உள்ள வாங்க, இலை போட்டாச்சுங்க" என்று வரவேற்றார். சுந்தரம்மாள் ஓடி வந்து தமிழ்மதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மகளுக்கு இரண்டு வளையல் போட வைத்தார். பிறகு தன் கையில் இருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி, எனக்கெதுக்கு என்று அவளுடைய அம்மா தயங்கியும் கேட்காமல் அவர் தலையில் வைத்தார். இரண்டு பேரும் ரொம்ப நாள் பழகியவர்கள் மாதிரி ஓர் ஓரமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள்.

கதவு சாத்திய அறைக்குள்ளிருந்து மத்தியானப் பையை முடித்துக்கொண்டு மலைச்சாமி வெளியே வந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. மருமகன் அவருக்குத் தனியாக உப்புக் குறைத்துச் சமைக்கச் சொல்லியிருந்தார். இலையில் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துவைத்தவர், முகத்தைச் சுளித்து, தமிழ்மதி பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"நல்லா இருக்குதுன்னு சொல்லிருங்கம்மா. வாயில வைக்க ஏலல. ஆனா மாப்பிள்ளை ஆசையாச் செய்யச் சொல்லிருக்காரு, மனசு நோகக் கூடாது."

"நல்லா இருக்குதுங்க" என்று சத்தமாகச் சொன்னாள் தமிழ்மதி. மாப்பிள்ளை சந்தோசப்பட்டு, அவள் இலையிலும் அதிலிருந்தே ஒரு கரண்டி பரிமாறினார்.